இரண்டாவது கேள்வி

எம்.எஸ்.எஸ். பாண்டியனை நாம் பாதிதான் வாசித்திருக்கிறோம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய அவரது ‘தி இமேஜ் ட்ராப்’ (1992), எம்.ஜி.ஆர். ஆட்சியில் அதிகம் இழந்த ஏழைகளே அவரைக் கொண்டாடியது ஏன் என்று கேட்டது. ‘பொறி’ என்ற உருவகத்துக்குள் ரசிகன் ஏமாந்தவனாகவே எஞ்சுகிறான் என்பது என் விமர்சனம். ஆனால் 1996 கட்டுரையில் அவரே கேள்வியைத் திருப்பிப்போட்டார்: சினிமாவைப் பார்த்துத் தமிழ் மேட்டுக்குடி ஏன் முகம் சுளித்தது? தரை டிக்கெட்காரனும் அதே கொட்டகைக்குள் வந்துவிட்டானே என்கிற பதற்றம்தான்.

நான் அசோக் நகர்க்காரன். 2024இல் மூடப்பட்ட உதயம் தியேட்டர் வாசலில், பாலாபிஷேகக் கூட்டத்தைத் தாண்டி இலக்கியக் கூட்டத்துக்குப் போகையில், ‘இதுங்க திருந்தாது’ன்னு முனகியிருக்கிறேன். அது யாருடைய குரல்? பாண்டியன் 2014இல் மறைந்தார். அவரை மேற்கோள் காட்டி ரசிகனைத் திட்டும் தோழர்களே, அந்த ரெண்டாவது கேள்வி நம்மைப் பார்த்துத்தான்.