கோடீஸ்வர விளையாட்டும் கேள்வி கேட்போரும்

காவியம், நாடகம், நாவல் ஆகியவற்றை விட்டு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை இப்பகுதியில் ஆராயப் புகுந்தது ஏனென்று நண்பர் சிலர் வினவக்கூடும். தோட்டத்திலும் பட்டணத்திலுமுள்ள நம் பிள்ளைகள் புத்தகத்துக்குக் கொடுக்கும் நேரத்தினும் மிகுந்த நேரத்தை எதற்குக் கொடுக்கின்றனரோ, அதனைக் கவனியாது விடுதல் முறையன்று என்பதே நமது விடை.

1998-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி இங்கிலாந்தில் ஐ.டி.வி. டெலிவிஷனில் 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' என்னும் வினாவிடைப் போட்டி ஆரம்பமாயிற்று. கேள்விகள் 15, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், பரிசு 100 பவுனில் தொடங்கிப் பத்து லட்சம் பவுன் வரை ஏறும். இதுவே 2000-ல் அமிதாப் பச்சன் நடத்திய 'கவுன் பனேகா குரோர்பதி'யாக இந்தியாவுக்கு வந்தது. 2012-ல் ஸ்டார் விஜய்யில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யை ஜொகூர் வாசகர்கள் மறந்திரார். மூலப் போட்டியின் கம்ப்யூட்டர் வடிவத்தை 1999-ல் அமெரிக்காவில் ஜெல்லிவிஷன் என்னும் சிக்காகோ கம்பெனியார் செய்தனர். அந்நாட்டு நிகழ்ச்சியை நடத்திய ரீஜிஸ் பில்பினின் குரலே அதிலும் ஒலித்தது. நகைச்சுவை கலந்து கேள்வி கேட்பதில் அவர்கள் முன்னரே கைதேர்ந்தவர்; பேச்சிலும் இசையிலும் குறை சொல்வதற்கில்லை.

ஆயினும் டெலிவிஷனில் நம்மை நாற்காலியின் நுனிக்கு இழுப்பது எது? 64,000 பவுன் வென்ற ஒருவர் மேலே செல்வதா, இதுவரை வென்றதைப் பெற்றுக்கொண்டு எழுவதா என்று தவிக்கும் அரை நிமிஷமே. வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு யாவும் அவர் முகத்தில் தெரியும். கம்ப்யூட்டரிலோ பணம் வெறும் எண். தோற்றால் மறு ஆட்டம். ஆதலின் எழுந்து போகிறவர் எவருமில்லை. நண்பருக்குப் போன் செய்தால் வருவது முன்பே பதிந்து வைத்த குரல். சபையோரின் வாக்கு யந்திரம் போட்ட கணக்கு. உதவி கேட்பவனுக்கும் உதவுபவனுக்கும் இடையே உள்ள கூச்சமும் நன்றியும் அங்கே ஏது?

குளுவாங்கில் ஒரு நண்பர் இல்லத்தில் இதைக் கண்கூடாகக் கண்டோம். பதினொரு வயதுப் பையன், நான்கு விடைகளும் திரையில் தோன்றி முடியுமுன் ஒன்றை அழுத்தினான்; சரியாயிருந்தது. "அவர் யார், தம்பி?" என்றோம். "தெரியாது மாமா, மூணாவதுதான் வரும்" என்றான். கேள்விகள் எத்தனையாயினும் அளவுக்குட்பட்டவையே. சில வாரம் ஆடினால் திரும்ப வரும். பொருளறியாது ஒப்பிக்கும் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பணம் கொடுத்து வீட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறோம் போலும்!

இன்னொன்று. கேட்கப்படுவன யாருடைய கேள்விகள்? ஆங்கில நாட்டுக்குச் செய்தது அவர்களுடைய அரசர்களையும் பந்தாட்டக்காரர்களையும் கேட்கிறது. அவர்களைக் குறை கூறோம், தம் மக்களுக்குத் தாம் செய்தனர். பழுது, அதையே அறிவின் அளவுகோலென்று நாம் வாங்கி வைப்பதிலிருக்கிறது. ஜொகூர்க் காடுகளில் ரப்பருக்கு முன்னே கேம்பியரும் மிளகும் பயிரிட்டவர் சீனர் என்பதை அறிந்த பிள்ளைக்கு அவ்விளையாட்டில் ஒரு காசும் கிடையாது. அப்பிள்ளை தன்னை மூடனென்று எண்ணிக்கொள்ளவும் கூடும்.

எனினும் இதனை முற்றும் ஒதுக்க நமக்கு மனமில்லை. டெலிவிஷனின் அந்த ஆசனம் லட்சத்தில் ஒருவருக்கே கிட்டும்; விளையாட்டிலோ எவரும் அமரலாம், குலமும் உத்தியோகமும் கேட்பாரில்லை. இதனை உணர்ந்தே போலும், 2017-ல் 'குரோர்பதி'யார் வீட்டிலிருப்போரும் கைப்பேசி மூலம் உடன் விடையளிக்க வழி செய்தனர். ஆசனம் யாருக்கு என்பது அற்பக் கேள்வியன்று. பெண்களுக்கென்றே ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில், 2020 ஜனவரியில், செவி கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண்ணொருவர் ஒரு கோடி வென்றார். இத்தகையோருக்கு அறிவேதென்று ஒதுக்கி வைத்திருந்தோர் அன்று என்ன நினைத்தனரோ!

நம்மவர் கேள்விகளோடு ஒரு விளையாட்டைச் செய்ய, கம்ப்யூட்டர் பயின்ற ஜொகூர் இளைஞருக்கு இயலாதா? ஒவ்வொரு விடைக்கும் பின் காரணம் இரண்டு வரி இருந்தால் போதும். நாம் காகிதத்தில் பதினைந்து எழுதி, மறுவாரம் அதே பையனிடம் கேட்டுப் பார்த்தோம். ஏழாவது, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் திராவகம் எது என்பது. பையன் விழித்தான். இருபது வருஷம் பால்மரம் சீவிய அவன் பாட்டி அடுக்களையிலிருந்து, "பார்மிக் ஆசிட்டுடா" என்றார். "அது ஏன் பாட்டி உறையுது?" என்று கேட்டுக்கொண்டே அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். எட்டாவது கேள்வி நம் கையிலேயே நின்றது.