பத்துப் பொய்யர்கள்

நார்மன் லூயிஸின் ஆங்கிலச் சொல்வள நூலான 'வேர்ட் பவர் மேட் ஈஸி' நம் ஊர் நடைபாதைக் கடைகளில் பொது அறிவுப் புத்தகத்துக்கும் கணக்கு கைடுக்கும் நடுவே செருகப்பட்டிருக்கும். தேர்வுக்கென்று வாங்குகிறார்கள், தேர்வு முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதன் கட்டுமான அழகுக்காகவே அதைப் படிக்கலாம் என்பது என் கட்சி.

புத்தகம் வெளிவந்தது 1949-இல். 1978-இல் லூயிஸே அதைத் திருத்தி விரிவாக்கினார். அதற்கு முன்பே, 1942-இல், வில்ஃபிரட் ஃபங்க்குடன் சேர்ந்து முப்பது நாள் சொல்வளப் புத்தகம் ஒன்றை எழுதிக் கை பழகியிருந்தார்.

அகரவரிசையில் ஆயிரக்கணக்கான சொற்களை அடுக்கும் பட்டியல்கள் நிறைய உண்டு. அவற்றில் பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்குள் எழுத்து ஒற்றுமையைத் தவிர எந்த உறவும் இராது. லூயிஸ் முதலில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பெயரைப் பிறகுதான் சொல்கிறார். தன் நலம் ஒன்றையே கொள்கையாகக் கொண்டவன் ஒருவன். வாயைத் திறந்தால் தன் பெருமையே பேசுகிறவன் இன்னொருவன். நாம் இருவரையுமே 'ஈகோ பிடித்தவன்' என்று ஒரே கூடையில் போடுவோம். அவர் முன்னவனை ஈகோயிஸ்ட் என்றும் பின்னவனை ஈகோடிஸ்ட் என்றும் பிரித்துக் காட்டும்போது, நமக்குத் தெரிந்த முகங்கள் தாமாகவே இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கின்றன.

இந்தக் கலை உச்சம் தொடுவது பொய்யர்களைப் பற்றிய அத்தியாயத்தில். மொத்தம் பத்து அடைமொழிகள். ஊரறிந்த பொய்யன் நொட்டோரியஸ். பொய்யில் தேர்ந்த கலைஞன் கான்சமேட். அடித்தாலும் திருந்தாதவன் இன்காரிஜிபிள். பழகிப் பழகி வேரோடிப் போனவன் இன்வெட்டரேட். பிறக்கும்போதே பொய்யோடு பிறந்தவன் கான்ஜெனிட்டல். மனசாட்சி உறுத்தாதவன், நோயாகவே பொய் சொல்கிறவன், நாக்கில் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு பேசும் 'கிளிப்' ஆசாமி என்று கூட்டம் நீள்கிறது. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று நாம் பொய்யின் அளவைத்தான் பார்த்தோம். இவர் பொய்யனின் மனத்தைப் பார்க்கிறார்.

பத்தில் எனக்குப் பிடித்தது எக்ரீஜியஸ். லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிகிற அளவுக்கு மோசமானவன் இவன். அதே வேரிலிருந்து கூட்டம் விரும்பும் கிரிகேரியஸ், கூட்டிச் சேர்க்கும் காங்ரிகேட், பிரித்து ஒதுக்கும் செக்ரிகேட் எல்லாம் கிளைக்கின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் நான்கு வருகிறது.

வேர்கள் அத்தியாயம் விட்டு அத்தியாயமும் தாவும். பெண்களை வெறுப்பவனுக்காக மனித குணங்களைச் சொல்லும் இடத்தில் அறிமுகமான கிரேக்க வேர், மருத்துவர்களின் அத்தியாயத்தில் மகளிர் மருத்துவரின் பெயரில் மறுபடி தலைகாட்டும். எலும்பு மருத்துவரைக் குறிக்கும் ஆர்த்தோபீடிஸ்ட் என்ற பெயருக்குள் ஒரு குழந்தை ஒளிந்திருக்கிறது. 1741-இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி அந்தத் துறைக்குப் பெயர் சூட்டியபோது, பிள்ளைகளின் உடற்கோணலை நிமிர்த்துவதே அவர் எண்ணம். 'நேர்' என்ற பொருள் தரும் முன்பாதி, கோணல் பற்களைச் சீராக்கும் ஆர்த்தோடான்டிஸ்ட்டுக்கும் போயிற்று. பின்பாதியில் உள்ள கிரேக்கக் குழந்தையை, பெடஸ்ட்ரியனில் உள்ள லத்தீன் பாதத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று லூயிஸ் எச்சரிப்பார். நல்ல வாத்தியார், மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்பதை முன்கூட்டியே அறிந்தவர்.

மறதியையும் அவர் கணக்கில் வைத்திருக்கிறார். முதலில் பொருளோடு பொருத்தச் சொல்வார். பிறகு ஆமா, இல்லையா என்பார். கடைசியில் விளக்கத்தை மட்டும் கொடுத்துச் சொல்லை நம்மிடமே கேட்பார். பிடி கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது தெரியாது.

குறையும் உண்டு. சொல்வளம் பெருகினால் வாழ்வில் உயரலாம் என்ற தொடக்கப் பக்கங்களின் ஆரவாரம் எனக்கு அலுப்பூட்டும், தாராளமாகத் தாண்டிவிடலாம். தாண்டக் கூடாதது உச்சரிப்பு வரி. அழுத்த வேண்டிய அசையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார். தமிழில் ஓர் அசையை மட்டும் இப்படி ஓங்கி அழுத்தும் வழக்கம் இல்லாததால், நம்மவர்கள் அதைக் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்வெட்டரேட்டில் இரண்டாம் அசை அழுந்தாவிட்டால், பொருள் எவ்வளவு சரியாகத் தெரிந்திருந்தாலும் எதிரே இருப்பவர் "என்ன சொன்னீங்க?" என்று கேட்கக்கூடும். லூயிஸ் தருவது அமெரிக்க உச்சரிப்பு; பிரிட்டிஷ் வழக்கு வேண்டுவோர் ஓர் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.