பழம்பாட்டின் கடன்

நாட்டுப்பாடல் என்றால் நம்மவரில் எழுத்தறிந்தார் பலருக்கு இன்னும் ஓர் இளக்காரம் உண்டு. அது படியாதார் பாடுவது, ஏட்டில் ஏறாதது, ஆதலின் இலக்கியம் ஆகாது என்பது அவர்கள் கட்சி. ஆங்கிலப் பள்ளியிற் பயின்றாரிடம் இவ்வெண்ணம் இன்னும் அதிகம். அந்த ஆங்கில மொழியிலேயே இக்கட்சிக்கு மறுப்பாக விளங்கும் இசைத்தட்டு ஒன்றை இங்கே ஆராய எடுத்துக்கொண்டோம். 2016-ம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்ற அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் அவர்களின் முதல் இசைத்தட்டே அது.

டிலன் 1941-ம் ஆண்டிற் பிறந்தவர். இரும்புச் சுரங்கம் சூழ்ந்த ஹிப்பிங் என்னும் ஊரில் வளர்ந்தவர். 1961-ம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரம் வந்து, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் இரண்டே நாட்களில் இப்பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 20. கையில் ஒரு கித்தார், கழுத்திலே ஒரு மவுத்தார்கன். வேறு பக்கவாத்தியம் இல்லை. 1962 மார்ச்சில் வெளிவந்த இத்தட்டு முதலாண்டில் சுமார் 5,000 பிரதிகளே விற்றது. பாடல்கள் 13, அவற்றுள் டிலன் தாமே இயற்றியவை இரண்டுதாம். மற்ற 11-ம் வழிவழி வந்தவையும், பிறர் பாடிப் பழகியவையும் ஆகும்.

முதலிற் குறையைச் சொல்லிவிடுவோம். ஸ்காத்லாந்திலிருந்து கடல்கடந்து வந்த "பிரெட்டி பெகி-ஓ" என்னும் காதற்கதையை அவர் கூச்சலும் கும்மாளமுமாகக் குலைத்துவிடுகிறார். ஒரு வேடிக்கை போலும் என்று கேட்போர் சிரிக்கலாம். கதையிலுள்ள துயரம் செவிக்கு எட்டுவதில்லை. ஆனால் சாவைப் பற்றிய பாடல்களுக்கு வரும்போது விளையாட்டு அற்றுப்போகிறது. கண்ணிழந்த நீக்ரோப் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெபர்சன் 1927-ல் பதிவு செய்த பாட்டு, தம் கல்லறையைத் துப்புரவாக வைத்திருக்கும்படி வேண்டுவது. அதனை இருபது வயதிளைஞர் பாடினால் பொருந்துமா என்று ஐயுறுவோர் ஒருமுறை கேட்டுப்பார்க்கட்டும். இளங்குரலே கரகரத்து, வேகங்கொண்டு, சாவோடு மல்லுக்கு நிற்பதுபோல் ஒலிக்கிறது.

பழம்பாடல்களுள் தலையாயது "உதயசூரியன் இல்லம்" எனப் பொருள்படும் பாட்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இல்லமொன்றில் வாழ்விழந்த பெண்ணொருத்தி தன் தங்கையை எச்சரிக்கும் புலம்பல் அது. 1937-ம் ஆண்டில் ஆலன் லோமாக்ஸ் என்ற பாடல் தொகுப்பாளர் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜியா டர்னர் என்னும் பதினாறு வயதுச் சிறுமி பாட இதனைப் பதிவு செய்தார். அவள் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். டிலன் பாடும்போது பெண்ணின் வாய்மொழியை ஆணின் வாய்மொழியாக மாற்றவில்லை. அவள் சொல்வதை அவளாகவே நின்று சொல்கிறார். அப்பாட்டின் மானம் அதனால் காப்பாற்றப்பட்டது என்பது நம் துணிபு.

இனி அவருடைய சொந்தப் பாடல்கள். ஒன்று, நியூயார்க் நகரத்தில் தாம் பட்ட பாட்டைப் பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் உரைப்பது. நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலிக்கு ஊதிப் பிழைத்த கதை அதில் வருகிறது. பேனா பிடிப்போர் மீதும் ஒரு குத்து உண்டு. பேனா பிடித்துப் பிழைக்கும் நாம் அதற்கு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை.

மற்றொன்றே இத்தட்டின் உயிர். நாடோடியாய்த் திரிந்து தொழிலாளர் துயரைப் பாடிய உட்டி கத்ரி அவர்களுக்கு, அவர் நோயுற்று மருத்துவமனையில் கிடந்த காலத்திலே, டிலன் எழுதிய வணக்கம் இது. சொற்கள் டிலனுடையவை, மெட்டோ கத்ரியினுடையது. அம்மெட்டில் கத்ரி முன்பு பாடியது, 1913-ம் ஆண்டு டிசம்பர் 24-ல் மிச்சிகன் மாநிலத்துக் கலுமெட் ஊரில் நேர்ந்த கொடுமையை. வேலைநிறுத்தம் செய்த செம்புச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கிறிஸ்துமஸ் விருந்தில் யாரோ "தீ, தீ" என்று பொய்க்கூச்சலிட, படிக்கட்டில் நெரிந்து 73 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குழந்தைகள். டிலனின் பாட்டு அந்நிகழ்ச்சியை ஒரு சொல்லாலும் குறிக்கவில்லை. ஆயினும் மெட்டை அறிந்தவர் செவியில் அக்குழந்தைகளின் நினைவும் உடன் வருகிறது. அன்றியும், சிஸ்கோ ஹூஸ்டன், சன்னி டெர்ரி, லெட் பெல்லி ஆகிய மூத்த பாடகர்களையும் பேர் சொல்லிப் போற்றுகிறார். வாங்கியவன் கொடுத்தவன் முன் நின்று கடனை ஒப்புக்கொள்வதினும் பெரிய அழகு பாட்டிற்கு வேறென்ன வேண்டும்?

இவ்வளவு அறிந்த டிலன் ஓரிடத்தில் வழுவினார். "உதயசூரியன் இல்லம்" பாட்டுக்கு அவர் கையாண்ட இசையமைப்பு நண்பர் டேவ் வான் ராங்க் அமைத்தது. வான் ராங்க் தாமே அதைப் பதிவு செய்ய எண்ணியிருந்தார். டிலன் முதலிற் பாடிப் பதிந்துவிட்டுப் பிறகே அனுமதி கேட்டார். நாளடைவில், டிலனைப் பார்த்துப் பாடுகிறார் என்று பிறர் சொல்லக் கேட்ட வான் ராங்க் அப்பாட்டையே விட்டுவிட நேர்ந்தது. இதே தட்டில் வேறொரு பாட்டை எரிக் வான் ஷ்மிட் என்பவரிடம் கற்றதாக டிலன் தம் வாயாலேயே கூறித் தொடங்குகிறாரே! அந்நேர்மை இங்கே முந்தியிருக்கலாகாதா?

நாட்டுப்பாடல் யாவருக்கும் பொது என்பர். மெய்தான். ஆயினும் ஊர்ப்பொதுக் கிணற்றையும் யாரோ சிலர் வெட்டியே இருக்கின்றனர். கண்ணிழந்த பாடகரும் சுரங்கத் தொழிலாளியின் மகளும் வெட்டிய கிணற்றில் இறைத்தே டிலன் தம் வயலை விளைத்தார். அவ்விளைவுக்கு உலகம் பரிசும் அளித்தது. பால்மரக் காட்டிலும் லயத்து வாசலிலும் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் பாடிய நம் பாட்டிமாரின் பேரை எந்த ஏட்டில் எழுதினோம்? படித்த இளைஞர் தாளும் பேனாவும் எடுத்துச் சென்று, பாட்டை எழுதுமுன் பாடினவர் பேரை எழுதுக.