தன்னைப் பற்றி நாலு வார்த்தை

தன்னைப் பற்றியே பேசுகிறவனைத் தற்பெருமைக்காரன் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். பிரெஞ்சு ஆசிரியர் மான்டெய்னைப் படித்தவர்கள் அவ்வளவு சுலபமாக ஒதுக்க மாட்டார்கள்.

1580-இல் வெளிவந்த தம் கட்டுரைகளை, உறவினரும் நண்பரும் பின்னால் தம்மை நினைவுகூர்வதற்காகவே எழுதியதாக முன்னுரையில் அவர் சொல்லுகிறார். 1588-இல் சேர்த்த கடைசிக் கட்டுரையிலோ அற்ப விஷயங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. அவருக்கு முலாம்பழம் பிடிக்கும். அவசரமாகச் சாப்பிடுகையில் நாக்கைக் கடித்துக்கொள்வார். முள்ளங்கி முதலில் ஒத்துக்கொண்டது; பிறகு ஒத்துக்கொள்ளவில்லை; மறுபடி ஒத்துக்கொண்டது.

இதெல்லாம் இலக்கியமா என்று கேட்கலாம். சில பக்கங்கள் அலுப்புத் தட்டுகின்றன என்பதும் உண்மைதான். ஆனால் பெருமைக்காகச் சொல்லுகிறவன் பொறுக்கியெடுத்துத்தான் சொல்லுவான். முள்ளங்கியைச் சொல்லி யாரும் பெருமை தேட முடியாது. போர்தோ நகரின் மேயராக நாலு வருஷம் இருந்தவர் மான்டெய்ன். அந்த மேயர் எனக்கு மறந்துபோகிறார். நாக்கைக் கடித்துக்கொண்டவர் மறப்பதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டுச் சிரித்திருக்க வேண்டிய உயிர்த்தோழர் லா போயெதி 1563-இலேயே இறந்துவிட்டார். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத்தான் மான்டெய்ன் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் இப்போது வாசகன் உட்கார்ந்திருக்கிறான்.