சேர்மப் பெயர்களும் குற்றியலுகர ஈறும்

வேதியியலைத் தமிழிற் பயிற்ற முற்பட்ட நாள்தொட்டுப் பெயர் பற்றிய பூசல் ஓய்ந்ததில்லை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மொழிபெயர்ப்புப் பணியின் பயனாகக் 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875-இல் வெளிவந்தது. 1916-இல் இராசாசி முதலியோர் சேலத்திற் கலைச்சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் கண்டனர். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதியை அச்சிட்டது. இம்முயற்சிகளைச் சூழ்ந்தெழுந்த வாதங்களிற் பெரும்பகுதி பெயர்களின் பகுதி பற்றியதே. 'பிராணவாயு' என்பதா, 'உயிர்வளி' என்பதா, 'ஆக்சிசன்' என்பதா என்னும் வினாவே முன்னின்றது. ஆயின் எளிய சேர்மங்களின் பெயரிற் பொருளை வேறுபடுத்தி நிற்பது பகுதியன்று, ஈறே. அவ்வீற்றைத் தமிழில் எழுதும் முறையையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார் நன்னூலார். சித்த மருத்துவத்தார் வழங்கும் பூரம், வீரம் என்னும் இரண்டும் பாதரசமும் குளோரினும் கூடியவை. வீரத்திற் குளோரின் மிகுதி. அது கொடிய நஞ்சு. இவ்விரண்டும் ஓரினம் என்பதை அப்பெயர்கள் காட்டமாட்டா. ஆயினும் ஒன்றை மற்றொன்றாக மயங்கவும் விடமாட்டா. 1787-இல் பிரான்சு நாட்டில் இலவோசியே முதலிய நால்வர் வகுத்த முறையோ இதற்கு மறுதலையானது. அது பெயரையே சேர்மத்தின் இயைபு கூறும் காரணப்பெயராக்கியது. இனம் விளங்கிற்று, ஆனால் ஓரினப் பொருள்களின் வேறுபாடு முழுவதும் ஓரிரண்டு எழுத்தின்மேல் நிற்கலாயிற்று.

சோடியமும் கந்தகமும் மட்டுமே கூடியது சோடியம் சல்பைடு. அவற்றொடு ஆக்சிசன் அணு மூன்று சேரின் சல்பைட்டு. நான்கு சேரின் சல்பேட்டு. இம்மூன்றனுள் முதலிரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஓர் ஒற்றே. அம்பத்தூரிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர், முலாம் பூசும் பட்டறையொன்றின் இருப்பேட்டை எமக்குக் காட்டினார். அதில் 'சோடியம் சல்பைட்' என்று இரண்டிடத்தில் இருந்தது. ஓரிடத்தில் அது சல்பைடு; மற்றோரிடத்தில் சல்பைட்டு. குரோமியக் கழிவுநீரின் நச்சினைத் தணிக்க, அமில நிலையில் அந்நீரிற் சேர்ப்பது சல்பைட்டு இனத்து உப்பு. அவ்விடத்துச் சல்பைடைச் சேர்ப்பின் உயிர்கொல்லும் ஐதரசன் சல்பைடு வளி வெளிப்படும். ஏட்டில் ஓரெழுத்துப் பிழைப்பது பட்டறையில் ஓர் உயிரின்மேல் வந்து முடியலாம்.

இம்மயக்கம் தமிழ் எழுத்தின் குறைபாட்டால் நேர்ந்தது என்பாருளர். எம் கருத்து அதனின் வேறு. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது என்பது தமிழ் மரபு. 'சல்பைட்' என எழுதுவார் அம்மரபை மீறியதனாலேயே மயக்கம் பிறந்தது. மரபு வேண்டும் உகரத்தைச் சேர்த்து எழுதின், 'சல்பைடு' உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். அதன் டகரம் மெலிந்து ஒலிக்கும். 'சல்பைட்டு' வன்றொடர், அதன் டகரம் வலிந்து ஒலிக்கும். பாடு, பாட்டு என்னும் சொற்களிற் சிறுவரும் உணரும் வேற்றுமையே இது. பிறமொழி ஒலிகளுக்கெனப் புதிய எழுத்தொன்றும் வேண்டுவதில்லை.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நெடிற்றொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்கள் டகர றகரங்களை ஊர்ந்து வருமிடத்து, வேற்றுமையில் அவ்வொற்று இரட்டும். வீடு என்பது ஐயுருபு ஏற்று 'வீட்டை' என்றாதல் காண்க. இவ்விதியின்படி சல்பைடு என்பதும் 'சல்பைட்டை' என்றாகும். சல்பைட்டு என்பதும் அவ்வடிவே பெறும். காத்த வேற்றுமை உருபேற்றவுடன் மறைந்துவிடும்.

ஈழத்தார் இதனைத் தவிர்த்த திறம் போற்றத்தக்கது. அவர் சல்பைட்டு, சல்பைற்று, சல்பேற்று என மூன்றாக வகுத்து, டகர றகரங்களால் ஈறுகளைப் பிரித்தனர். உருபேற்பினும் அவை மயங்கா. ஆயின் தமிழ்நாட்டார் நாவில் இரட்டை றகரம் வேறாக ஒலித்தலின், அம்முறை இங்கு எளிதில் வேரூன்றாது. மேலும், ஒன்று, இரண்டு என்னும் எண்களை ஓர், ஈர் எனத் தமிழாகவே கொண்டமை அவர்தம் முறையின் மற்றொரு சிறப்பு. அவற்றைப் புணர்த்தி எழுதியமையோ குறையுடைத்து. காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு என்னும் பெயர்களில் எண் நடுவே ஒளிந்துகொள்கின்றது. முன்னது இரத்தத்தின் ஆக்சிசன் ஏற்கும் ஆற்றலைக் கெடுத்துக் கொல்வது. பின்னது நாம் வெளிவிடும் மூச்சில் உள்ளது. இத்தகைய வேற்றுமை கண்ணுக்கு வெளிப்படத் தோன்றுதல் வேண்டும்.

ஆதலின் யாம் கொள்ளத்தக்கனவாகக் கருதுவன மூன்று. வல்லொற்றில் முடிக்காது உகரம் சேர்த்து எழுதுக. எண்ணுப்பெயரைத் தமிழாகக் கொண்டு, 'கார்பன் ஈராக்சைடு' எனப் பிரித்து எழுதுக. உயிர்த்தொடர் ஈற்றுச் சேர்மப் பெயர்கள் உருபேற்குங்கால் இரட்டாது நிற்க. சல்பைடை, ஆக்சைடை, குளோரைடின் என எழுதுக. இஃது இலக்கணத்திற்கு முரணோ எனின், அன்று. நன்னூலார் இரட்டுதலைப் பெரும்பான்மை என்னும் வரையறையோடே கூறினார். விலக்கிற்கு இடம் வைத்தே விதி செய்தார்.

பகுதி தமிழாதல் வேண்டுமா என்னும் வழக்கு நெடிது நடக்கட்டும். ஈறு அதுவரை காத்திராது. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் தமிழ்வழிப் பயிலும் மாணவர் நாளை அப்பட்டறைகளுக்கே செல்வர். அவர் கையிலுள்ள ஏட்டில் ஓர் ஒற்று உரிய இடத்தில் நிற்றல் வேண்டும். அதனை நிறுத்தும் கடமை வேதியியலார்க்கு மட்டும் உரியதன்று. குற்றியலுகரம் கற்பிக்கும் நமக்கும் உரியது.