தேர்ந்தெடுத்த பிள்ளைகளும் ஊரிலேயே நின்றவர்களும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தில் 68.54; மாநிலத்திலேயே கடைசி. இங்குள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் ஐஐடி, மருத்துவம், தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் மாவட்டத்துக்கொன்றாக அரசு மாதிரிப் பள்ளிகள் வந்தன. நன்றாகப் படிக்கிறவர்களைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை விடுதியில் தங்க வைத்து, பள்ளிப் பாடத்தோடு நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் தருகிறார்கள்.

இந்தப் பள்ளிகளின் பலம் பயிற்சியில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். விடுதியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ கீழே வந்து படிக்கிற பிள்ளைக்குக் கடைசிப் பாடவேளையில் மனம் பஸ்ஸில்தான் இருக்கும். வீடு சேர்ந்தால் தண்ணீர் எடுக்கணும், மாட்டைப் பிடித்துக் கட்டணும். அப்பா அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருந்தால், பாட்டிக்கும் தம்பிக்கும் சோறாக்குவதும் பெண் பிள்ளையின் பொறுப்பு. புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொருகும். விடுதி அந்த மாலை நேரத்தை அவளுக்கு மீட்டுத் தருகிறது: நேரத்துக்குச் சாப்பாடு, விளக்கு, சந்தேகம் கேட்கப் பக்கத்திலேயே ஆசிரியர். குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத இந்த மாவட்டத்தில், பதினாறு வயதுப் பெண் விடுதியில் இருக்கிறாள் என்பதே பெரிய காவல். இதை யாரும் மதிப்பெண் பட்டியலில் காட்ட முடியாது.

குறைகளில் முதன்மையானது, தேர்ந்தெடுப்பதிலேயே இருக்கிறது. ஒரு மேல்நிலைப் பள்ளியிலிருந்து நன்றாகப் படிக்கிற நாலு பேர் போய்விட்டால், கணக்கில் தடுமாறும் தோழிக்குச் சொல்லித் தரவும், ஆசிரியர் கேட்டதும் பதில் சொல்லவும் ஆளில்லாமல் அந்த வகுப்பு மங்கிப்போகிறது. போனவர்கள் முன்னேறுவது நல்லது. நின்றவர்களுக்கு அதன் ஈடாக என்ன தந்தோம் என்பதற்குப் பதில் இல்லை.

இரண்டாவது கவலைக்கு இந்த வட்டாரத்தின் கதையே காரணம். நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துத் தனியார் உறைவிடப் பள்ளிகள் பல, ஒரு காலத்தில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்தன. ரேங்க் வந்தது, அடிப்படை வரவில்லை. நீட்டும் ஜேஇஇயும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேட்பதால் அந்த ஓட்டை வெளியே தெரிந்தது. 2017-இல் ரேங்க் பட்டியல் நின்றது. 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கிவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது சரிதான். ஆனால் முடிவைக் காட்டியே தீரணும் என்ற அழுத்தம் மாதிரிப் பள்ளிகளையும் பழைய பாதைக்கு இழுக்கலாம். பிளஸ் ஒன் பாடம் முழுதாக நடக்கிறதா என்று இனி யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மொழியையும் இதோடு சேர்த்துப் பார்க்கணும். நீட்டையும் ஜேஇஇ மெயினையும் தமிழில் எழுதலாம். ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை இரண்டே ஆண்டில் இயற்பியலோடு இன்னொரு மொழியையும் கட்டியாள வேண்டியிருக்கிறது. பிள்ளை இதில் தோற்றால் அறிவு குறைவு என்று முத்திரை குத்துவது அநியாயம்.

பாடத்துக்கு வெளியேயும் தடைகள் உண்டு. மாநிலக் கலந்தாய்வுக்குச் செல்லும் சமுதாயச் சான்றிதழ் ஐஐடி சேர்க்கைக்குப் போதாது. இம்மாவட்டத்தில் மிகுதியாக உள்ள மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்திய அரசுப் படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய ஓபிசி சான்றிதழ் வேண்டும். படிக்காத பெற்றோர் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து இதைக் கெடுவுக்குள் வாங்குவது எளிதல்ல. கூடவே போய் வாங்கித் தருகிற ஆசிரியரின் உழைப்பு, வகுப்பில் அவர் எடுக்கும் பாடத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய எண்ணிக்கையில் கதவைத் திறந்தது 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். மாதிரிப் பள்ளியில் இடம் கிடைக்காத பென்னாகரத்துப் பையனும் அதில் போட்டியிடலாம். அவனுக்குக் குறைவது விடுதி மீட்டுத் தரும் அந்த மாலை நேரம்தான்.

மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதிகளும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் விடுதிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே மாலை ஆறு முதல் ஒன்பது வரை இயற்பியல், கணக்கு, ஆங்கிலம் சொல்லித் தர முறையான ஊதியத்தில் ஆசிரியர்களை அமர்த்தலாம். பக்கத்து மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளையும் அதில் சேர்த்து, படிப்பு முடிந்ததும் ஊர் கொண்டுபோய் விட வண்டியும் ஏற்பாடு செய்யலாம். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று மூன்று இடத்தில் அடுத்த ஜூனிலேயே தொடங்கலாம். புதிதாக ஒரு கட்டடமும் வேண்டியதில்லை.