ரிக்கற்றும் டிக்கெட்டும்

மண்டபத்திலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆங்கிலச் சொற்களுக்குக் கீழே உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். கிரிக்கெட் மட்டைக்குக் கீழே 'பேட்'. 'கெட்ட' என்று பொருள்படும் சொல்லுக்கும் 'பேட்'. தட்டிக்கொடுப்பதற்கும் அதே 'பேட்'. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மம்மா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மட்டையெண்டால் 'பற்' எண்டெல்லோ எழுத வேணும், பிள்ளை" என்றார்.

அந்த ஒற்றை 'ற்' என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

ஈழத்தில் டிக்கெட் 'ரிக்கற்', லைட் 'லைற்', பேட்டரி 'பற்றரி', பெட்ரோல் 'பெற்றோல்'. தமிழ்நாட்டில் இதை எழுத்துப்பிழை என்று நினைப்பவர்கள் பலர். பிழையே இல்லை, காது சரியாகக் கேட்டதைக் கை எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் 'காற்று' என்னும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில் போய் ஒட்டுகிறது. டிக்கெட்டின் முதல் ஒலி ஆங்கிலேயர் வாயில் பிறப்பதும் அங்கேதான். நம் பேச்சில் காற்று 'காத்து' ஆகிவிட்டதால், கைக்குக் கிடைத்த ட-வை எடுத்துக்கொண்டோம். விளைவு, ஆங்கில எழுத்து வரிசையில் நான்காவதற்கும் இருபதாவதற்கும் நம்மிடம் ஒரே பெயர்: டி. அங்கே ஒன்று டீ, மற்றது ரீ. 'டாக்டர்' என்று நாம் ஒன்றாக்கியதை அவர்கள் 'டொக்ரர்' என்று பிரித்துவிடுகிறார்கள்.

அவர்கள் வழியிலும் ஓர் ஓட்டை உண்டு. 'ரயர்' என்ற சொல்லில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வேறு வேறு ஒலிகள். பார்வைக்கு இரண்டும் ரகரம். ஒரே ப-வை வைத்துக்கொண்டு தவிப்பதோ இரு கரைக்கும் பொது.

பள்ளிக்கூடமும் இரண்டு கரையிலும் வேறு வேறு வாசலில்தான் தொடங்குகிறது. இலங்கை அரசுப் பாடசாலைகளில் தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் காதுக்கும் வாய்க்கும் உரியது. பாட்டு, விளையாட்டு, 'இங்கே வா', 'கதவைத் திற' போன்ற சின்னச் சின்னப் பேச்சு என வகுப்பாசிரியரே அன்றாட வேலைகளுக்கு நடுவே கலந்து பழக்க வேண்டும். முறையான பாடமாக அது வருவது தரம் 3-இல், தனி ஆங்கில ஆசிரியரோடு. நம் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பிலேயே பாடநூல் உண்டு; தனியார் பள்ளியென்றால் எல்கேஜியிலேயே நாலு கோடு நோட்டு. அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் தமிழ்நாடெங்கும் பரவியது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. இரண்டுமே அட்டை, பாட்டு, விளையாட்டு என்று நல்ல திசையில் போனவைதான். ஆனாலும் சாயங்காலம் பையைத் திறக்கும் அம்மா கேட்பது ஒன்றைத்தான்: "நோட்டுல ஒண்ணுமே இல்லையே மிஸ், இன்னைக்கு இங்கிலீஷ் நடத்தலையா?"

காதில் தொடங்குவதே சரி என்று நம்புகிறேன். கேட்டறியாத ஒலிக்கு எழுத்தைக் காட்டினால் பிள்ளை படம் வரையும், படிக்காது. ஆனால் இலங்கையின் ஏற்பாடு முழுக்க வகுப்பாசிரியரின் வாயை நம்பியிருக்கிறது. ஆங்கிலம் பேசத் தயங்கும் ஆசிரியரிடம் அந்த இரண்டு ஆண்டும் சத்தமில்லாமல் கழிந்துவிடும். தரம் 3-க்கு வந்தால் வன்னியிலும் மலையகத்திலும் ஆங்கில ஆசிரியரே இல்லாத சிறு பாடசாலைகள். நம் தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடமும் எடுப்பவர் ஒரே ஆசிரியர். பிள்ளையின் நாள் முழுக்க அவர் கையில் இருக்கிறது. அந்த வசதியை நாம் நோட்டு நிரப்புவதில் செலவிடுகிறோம்.

மறுநாள் நோட்டை மூடி வைக்கச் சொன்னேன். வீட்டில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை வாயாலேயே கொண்டுவரச் சொன்னதும் பஸ், சோப்பு, பக்கெட், சார்ஜர் என்று வந்து விழுந்தன. பிறகு ஆளுக்கு இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு 'படம்', 'பட்டம்' என்று மாறி மாறிச் சொன்னோம். படத்தின் ட-வுக்குத் தொண்டை அதிரும். பட்டத்தின் ட்ட-வில் அந்த அதிர்வு ஒரு கணம் நின்றுவிடும். 'கெட்ட' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலி முதல் வகை, மட்டைக்கான சொல்லின் கடைசி ஒலி இரண்டாம் வகை. அந்தச் சிறுமி இரண்டையும் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு விரலை எடுக்காமலே எழுந்து போய், இன்னொரு கையால் அம்மம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அவருடைய தொண்டையில் வைத்தாள்.